காற்று கசிந்த இடம்

பூவத்தில் தொடங்கிக் கோட்டுச்சேரி வழியாகக் காரைக்கால் நகரம் வரும் பள்ளிப் பேருந்தைச் சிலுவைராஜ் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டினார். இடையில் வண்டி இருமுறை மாறியது, ஓட்டுநர் மாறவில்லை. ஐம்பத்து நான்காம் வயதில், பிள்ளைகள் நிறைந்த அந்த வண்டியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவர் தூங்கிப்போனார்.

அது பிப்ரவரிக் கடைசியா, மார்ச் தொடக்கமா என்பதில் அவர் மனைவி ஜோஸ்பினும், வண்டியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா பெரியநாயகியும் வேறு வேறாகச் சொல்கிறார்கள். தவக்காலம் தொடங்கிவிட்டது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வண்டி மெல்ல இடப்பக்கம் இறங்கி, சாலைக்கும் வயலுக்கும் நடுவிலிருந்த ஈரமண்ணில் முன்சக்கரம் புதைந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. "அண்ணே, அண்ணே" என்று பெரியநாயகி தோளைப் பிடித்து உலுக்கியதிலிருந்துதான் அவருக்கு நினைவு. அதற்கு முந்தைய சிறு பொழுது அவரிடம் இல்லவே இல்லை. கண்ணைச் செருகியது, கொட்டாவி வந்தது என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். எதுவுமே இல்லாமல் போனதுதான் அவரை அச்சுறுத்தியது.

பள்ளியின் தலைவியான கன்னியாஸ்திரி கோபப்படவில்லை. டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை வண்டியைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். சிலுவைராஜின் தங்கை மகன் பிராங்க்ளினுக்கும் கனரக உரிமம் இருந்ததால், அவன் தற்காலிகமாக வண்டியை எடுத்தான். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் டாக்டரின் சம்மதம் வராவிட்டால், அந்த இடம் அவனுக்கே நிலைத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிராங்க்ளின் நல்ல பையன். மாமாவைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வான். அது சிலுவைராஜுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

தஞ்சாவூரில் ஓர் இரவு உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் பரிசோதித்தார்கள். தூக்கத்தில் மூச்சுக்குழல் மூடி மூடித் திறக்கிறது, அதனால்தான் இரவெல்லாம் குறட்டை, பகலெல்லாம் அசதி என்று முடிவு வந்தது. காற்றழுத்தம் தரும் சிறு இயந்திரமும், மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கும் வாங்கச் சொன்னார்கள். காரைக்கால் டாக்டர் தம் நிபந்தனையைத் தெளிவாகச் சொன்னார்.

"ராத்திரி முழுக்கப் போட்டுக்கிட்டுத் தூங்கணும். காத்து கசியக் கூடாது. கசிஞ்சா மெஷின் வச்சும் பிரயோஜனம் இல்ல. நீங்க நல்லாயிருக்குன்னு சொல்றது பத்தாது, அந்த மெஷின் சொல்லணும்."

மாஸ்க் வாங்கியது நகரில் மருத்துவச் சாதனங்கள் விற்கும் ஒரு கடையில். அங்கே அளவெடுத்துப் பொருத்துபவள் சித்திக்கா. இதற்கென்றே படித்தவள், முப்பது வயதுக்குள் இருக்கும். ஓர் அட்டையை அவர் மூக்கின் மேல் வைத்து அகலம் பார்த்தாள். நடுத்தர அளவை எடுத்து மாட்டினாள். இயந்திரத்தை ஓடவிட்டு, விளிம்பைச் சுற்றித் தன் புறங்கையை வைத்துப் பார்த்தாள். ஒரு துளிக் காற்றும் வரவில்லை. சிலுவைராஜ் நிம்மதியாக வீடு திரும்பினார்.

அன்றிரவே மேலுதட்டுப் பக்கம் புஸ்ஸென்று கிளம்பியது காற்று. மாஸ்க்கைக் கீழே அழுத்தினால் மேலே திறந்துகொண்டு கண்ணில் அடித்தது. வாரை இறுக்கினார். சற்று நேரம் அடங்கி, மறுபடி சீறியது. விடியும்போது மூக்குத்தண்டு கன்றிப்போய், இரண்டு கண்ணும் சிவந்திருந்தன.

"குக்கர் வச்ச மாதிரி இருந்திச்சு. எத்தன விசில்னு எண்ணிக்கிட்டே படுத்துக் கெடந்தேன்" என்றாள் ஜோஸ்பின்.

"ஒனக்கு எல்லாம் வெளையாட்டு."

"வெளையாட்டா? குறட்டை நின்னா மூச்சும் நின்னுடுச்சோன்னு எந்திரிச்சு ஒக்காந்தவ நான். இப்ப சத்தம் வந்தா காத்து போவுதேன்னு கவல, வரலன்னா உசுரு இருக்கான்னு கவல."

மறுபடி கடைக்குப் போனார். மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்ததும் சத்தத்தை நிறுத்திக்கொள்கிற வண்டியைப் போல, சித்திக்காவின் கை பட்டதும் மாஸ்க் ஒழுங்காக உட்கார்ந்தது. அவள் மூக்குத்தண்டுக் காயத்தைப் பார்த்து, "இவ்வளவு இறுக்காதீங்க அங்கிள். வாரை இறுக்குனா ஓரத்துல இருக்குற குஷன் நசுங்கும், அதுலதான் கூடக் கசியும். ஒரு விரல் நொழையுற மாதிரி இருக்கணும்" என்றாள். படுக்குமுன் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கழுவச் சொன்னாள். கசிந்தால் மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி, குஷனில் காற்று நிரம்பவிட்டு, மறுபடி அமர்த்தச் சொன்னாள். அவர் தலைக்கு எண்ணெய் வைப்பதையே விட்டார். எல்லாம் செய்தார். மேலுதட்டில் மட்டும் காற்று நிற்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் டாக்டர் இயந்திரத்தின் பதிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கசிவு மிக அதிகம். இதை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது என்றார். வெளியே வந்த சிலுவைராஜ் ஸ்கூட்டியை எடுக்கத் துணியாமல் ஜோஸ்பினையே ஓட்டச் சொன்னார். பின்னால் உட்கார்ந்து வருகையில், எதிரே வரும் ஒவ்வொரு லாரியின் ஓட்டுநரும் எந்த நொடியும் தூங்கிவிடக்கூடியவனாகவே அவருக்குத் தெரிந்தான்.

மூன்றாம் முறை கணவனும் மனைவியும் சேர்ந்து போனார்கள். கடையின் பின்னறையில் ஒரு கட்டில் கிடந்தது. சித்திக்கா அவரைப் படுக்கவைத்து, முழு அழுத்தத்தில் இயந்திரத்தை ஓட்டி, மல்லாக்கவும் ஒருக்களித்தும் பார்த்தாள். கசிவில்லை. அவளுக்கே குழப்பமாகிவிட்டது.

"ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. இங்க படுக்குறதுக்கும் வீட்ல படுக்குறதுக்கும் என்ன வித்தியாசம்?"

"அதே தலகாணி உசரந்தான். அதே ஃபேன். கை கால் கழுவிட்டு, செபம் சொல்லிட்டு, லைட்ட அணைச்சிட்டு..." என்று சொல்லிவந்த ஜோஸ்பின் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். கட்டிலில் கிடந்த சிலுவைராஜ், மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களால் அவளை உறுத்துப் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லம்மா" என்று அவள் முடித்தாள்.

வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திய பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"பல்லுங்க."

"தெரியும்."

"லைட்ட அணைச்சதும் கழட்டித் தண்ணியில போடுறீங்களே. மேல்வரிசை இல்லாம ஒதடு உள்ள போயிடுது. அந்தப் பொண்ணு பல்லோட அளவெடுத்திருக்கு."

"தெரியும்னு சொல்றேன்ல."

பல ஆண்டுகளுக்கு முன் வண்டி கழுவும்போது வழுக்கி விழுந்து பம்பரில் வாய் மோதியது. மிஞ்சிய மேற்பற்களையும் எடுத்துவிட்டு, முழு செட் கட்டிக்கொண்டார். மாதா கோயிலில் ஞாயிறு வாசகம் வாசிப்பவர் அவர்; உச்சரிப்பில் ஒரு பிசிறு வராமலிருக்க மாதக்கணக்கில் தனியே வாசித்துப் பழகினார். பெற்ற பிள்ளைகள்கூட அவரைப் பல் இல்லாமல் பார்த்ததில்லை. ஜோஸ்பின் பார்த்ததும் பெரும்பாலும் இருட்டில்தான்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா முடிஞ்சிச்சு. மறைச்சு வச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்றாள் ஜோஸ்பின்.

"பல்லோட படுத்துக்கிறேன். அதுக்கு யாரும் அளவெடுக்க வேணாம்."

பல் கட்டிய மருத்துவர் தூங்கும்போது கழற்றிவிடச் சொல்லியிருந்தார். அதை ஜோஸ்பின் நினைவூட்டினாள். அவர் காதில் வாங்கவில்லை. மறுநாள் பிற்பகல், சாப்பாட்டுக்குப் பிறகு, பல்லோடு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தார். காற்று சத்தமின்றி உள்ளே போயிற்று. உதட்டில் சீறல் இல்லை, கண்ணில் எரிச்சல் இல்லை. இதற்காகவா இத்தனை அலைச்சல் என்று எண்ணியபடி ஆழ்ந்து உறங்கிவிட்டார்.

அடுப்படியிலிருந்த ஜோஸ்பினுக்கு முதலில் கேட்டது கட்டில் அதிரும் ஓசை. ஓடிவந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்து, ஒரு கையால் மாஸ்க்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மறுகையால் தொண்டையைப் பற்றியிருந்தார். முகம் கருத்திருந்தது. பல் செட் கழன்று நாக்கின் அடிவரை பின்னால் சரிந்திருந்தது. அவள் வாரைப் பிய்த்தெறிந்து, தலையைக் குனியவைத்து, முதுகில் அறைந்தாள். இரண்டாவது அறையில் அது அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

ஜோஸ்பின் அதை வாங்கிக் கழுவித் தண்ணீரில் போட்டாள். பிறகு அவர் அருகே உட்கார்ந்து கேட்டாள். "நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தா?"

மூச்சு நிற்காதிருக்கச் செய்த ஏற்பாட்டில் மூச்சு நின்றுபோகப் பார்த்தது. சக்கரம் மண்ணில் புதைந்தது தமக்குத் தெரியாமல் நடந்தது. இது தெரிந்தே செய்தது.

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றார். பின்னறைக்குள் சித்திக்கா வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி ஜோஸ்பினிடம் கொடுத்தார். பிறகு திரும்பினார். உதடு உள்ளொடுங்கிய அந்த முகத்தைச் சித்திக்கா ஒரு கணம் பார்த்தாள்.

"இத மொத நாளே சொல்லியிருக்கலாம்ல அங்கிள்? எங்க வாப்பாவா இருந்தா இந்நேரம் நல்லாத் திட்டியிருப்பேன்."

"திட்டும்மா. என் பங்குக்கும் சேத்துத் திட்டு" என்றாள் ஜோஸ்பின்.

"கட்டுன பல்லு இருக்கான்னு நானும் கேட்டிருக்கணும். சரி, படுங்க."

பழைய மாஸ்க்கின் கீழ்விளிம்பு ஊன்றுவதற்கு மேலுதட்டில் இப்போது மேடு இல்லை. அங்கேதான் காற்று வழி கண்டுகொண்டது. சித்திக்கா அதை எடுத்துவைத்துவிட்டு, உதட்டில் ஊன்றாமல் மூக்குத் துவாரங்களுக்குக் கீழேயே பொருந்தும் சிறிய குஷன் கொண்ட வேறு வகையை எடுத்தாள். ஓர் அளவு துவாரத்தை உறுத்தியது. அடுத்தது பக்கவாட்டில் கசிந்தது. மூன்றாவதை அமர்த்தி, அவர் படுத்தபடி இருக்கையிலேயே இயந்திரத்தை ஓடவிட்டு, வாரைக் கடைசியாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தாள்.

"கண்ணுல காத்து படுதா? பேசாதீங்க, வாய் வழியா வந்துரும். கையால சொல்லுங்க."

அவர் இல்லை என்று கையசைத்தார். ஒருக்களிக்கச் சொன்னாள், ஒருக்களித்தார். புறங்கையை உதட்டருகே வைத்தவள் எடுக்காமல் நெடுநேரம் வைத்திருந்தாள். கைக்குட்டையை இரு கைகளாலும் பொத்தியபடி ஜோஸ்பின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல ஆன்ட்டி. நின்னுடுச்சு."

பள்ளி திறக்கச் சில நாள்கள் இருக்கையில் டாக்டர் பதிவைப் பார்த்துக் கையெழுத்திட்டார். கசிவு மிகக் குறைந்திருந்தது. பகல் தூக்கமும் இல்லை. எழுந்துகொள்ளாமல் சிலுவைராஜ் ஒன்று கேட்டார்.

"ஒரு ராத்திரி போட முடியாம போச்சுன்னா, டாக்டர்?"

"மறுநாள் வண்டி எடுக்காதீங்க. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' அவரை விடவில்லை. ஜூனில் வண்டியை எடுத்த பிறகும், மாலையில் வானம் கறுத்தால், இரவில் மின்சாரம் போய் இயந்திரம் நின்றுவிடுமோ என்று வாசலுக்கு வந்து வந்து பார்ப்பார். பெரியநாயகி கண்ணாடி வழியாக அவர் கண்களைப் பார்த்துக்கொண்டே வருவாள். அவர் அதைப் பார்த்தும் பாராதவர்போல ஓட்டுவார்.

ஐப்பசி மழையில் ஓரிரவு தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. பள்ளிக்கு விடுமுறை விடும் அளவுக்கு மழை இல்லை. மாஸ்க் மேசைமேல் கிடக்க, சிலுவைராஜ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தும் விழித்தும் பொழுதைக் கழித்தார். விடியும்முன் முகம் கழுவியபோது அசதியாகக்கூட இல்லை. எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. வண்டி சாலையை விட்டு இறங்கிய அன்றும் அப்படித்தான் ஒன்றும் தோன்றாமல் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டார்.

பிராங்க்ளினுக்குப் போன் போட்டார்.

"இன்னைக்கு நீ எடுடா."

"ஏன் மாமா, உடம்புக்கு முடியலையா?"

"ராத்திரி கரண்ட் இல்ல."

சாவி வாங்க வந்தவனுக்கு ஜோஸ்பின் காபி கொடுத்தாள். "நைட்டுக்குள்ள கரண்ட் வந்துருமா மாமா?" என்றான் அவன்.

"தெரியல" என்றார் சிலுவைராஜ். "வரலைன்னா நாளைக்கும் நீதான்."