ஓநாய் விரதம்

எங்கள் வீட்டில் சித்தப்பாவின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத காலம் ஒன்று இருந்தது. அதை முடித்துவைத்தது ஒரு புயல். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் நின்ற மின்கம்பங்களை எல்லாம் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு அது போன பிறகு, கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை. பள்ளிக்கூடத்தின் கூரையில் பாதி பக்கத்துத் தோப்பில் கிடந்தது. குடிக்கிற தண்ணீருக்கு அப்பா குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தார். அப்போதுதான் சித்தப்பா சிதம்பரத்திலிருந்து பைக்கில் வந்து வாசலில் நின்றார். பின் சீட்டில் இரண்டு தண்ணீர் கேன், ஒரு கட்டு மெழுகுவர்த்தி. அப்பா கேனை இறக்கினார். தம்பியிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், “டயர்ல காத்து கம்மியா இருக்குது பாரு” என்றார். அப்படித்தான் அவர்கள் மறுபடியும் பேச ஆரம்பித்தார்கள்.

சித்தப்பா செய்த குற்றம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். யாரையும் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டார். பெண் ‘வேற ஆளுங்க’. வேற ஆளுங்க என்றால் வேறு ஊர்க்காரர்கள் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த வயதுக்கு அது கொஞ்சம் அதிகப்படியான அறியாமைதான்.

“புள்ளய நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணே. அங்க கரண்ட் வந்துடுச்சி. பள்ளிக்கூடம் தொறக்கிற வரைக்கும் எங்ககிட்ட இருக்கட்டும்” என்றார் சித்தப்பா.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் என் துணிகளை ஒரு பையில் அடுக்கினாள். அதற்கு மேல் பிஸ்கட் பாக்கெட்டுகள், ரொட்டி, முறுக்கு டப்பா, ஒரு சீப்பு வாழைப்பழம் என்று அடைத்துக்கொண்டே இருந்தாள். புயலில் கடைகள் பாதி மூடிக்கிடக்க, இவ்வளவையும் எங்கே பிடித்தாளோ தெரியாது. என் ஜடையைச் சரி செய்கிற சாக்கில் காதோரம் குனிந்து, “பசிச்சா பையில இருக்கிறத எடுத்துத் தின்னு. அங்க ஒண்ணும் கேட்டுகிட்டு நிக்காத” என்றாள். போகிற இடத்தில் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதாக நான் புரிந்துகொண்டேன்.

சாலை முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தன. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை பைக்கை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். சிதம்பரத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு. சித்தி நர்ஸ். டூட்டி முடிந்து வந்து, முகம் கழுவி, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு மேலேயே நின்றிருந்தாள். என்னை எப்படித் தொடுவது என்று யோசித்தவள் போல, பையை மட்டும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு வாந்தி எடுத்ததால் நான் எதுவும் சாப்பிடவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் சித்தப்பா கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினார். அவர் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். வீட்டிலும் ஒன்று வைத்திருந்தார். அதில்தான் அந்த ஓநாய் இருந்தது. பனிமலை, பைன் மரங்கள், தூரத்தில் கிளைகிளையாகக் கொம்பு வைத்த பெரிய மான்கள். நாம் ஓநாயாக இருந்து வேட்டையாடிப் பிழைக்க வேண்டும். திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு உண்டு, அதுதான் பசி. கோடு குறையக் குறைய ஓநாயின் நடை தளரும். என் ஓநாய்க்குச் சாம்பல் நிறம். சாம்பி என்று பெயர் வைத்தேன்.

விளையாட்டு எனக்குச் சீக்கிரமே சப்பென்று ஆகிவிட்டது. ஓநாய் செத்தால் பழைய இடத்திலிருந்து மறுபடியும் எழுந்து ஓடியது. கரடி தின்றுவிட்டுப் போட்ட மிச்சத்தைத் தின்றால் பசிக்கோடு தானாக ஏறியது. இதென்ன பிழைப்பு என்று தோன்றியது. அதனால் நானே சில சட்டங்களைப் போட்டுக்கொண்டேன். சாம்பி செத்தால் செத்ததுதான், மறுபடியும் எழுப்பக் கூடாது. பிறர் கொன்றதைச் சாம்பி வாயால் தொடக் கூடாது. தானே பிடித்ததை மட்டும்தான் தின்ன வேண்டும். இந்த இரண்டோடு நின்றிருக்கலாம். பனியில் அது வயிறு ஒட்டி நடக்கும்போது நான் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருப்பது துரோகமாகப் பட்டது. எனவே, சாம்பி தின்னாதபோது நானும் தின்னக் கூடாது. அது முயல் பிடித்தால் எனக்கும் கொஞ்சம் சாப்பாடு. அதுவும் அதைப் போலவே, சொந்த இரை. பிறர் கொடுத்ததைத் தொடக் கூடாது. என் பையில் இருந்தது நான் கொண்டுவந்தது; ஆகவே அது என் இரை.

சட்டத்தின் இந்த அழகை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும் ஒரு சட்டம். சொன்னால் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு வேட்டை வரவில்லை. மான்கள் எட்டி உதைத்தன. முயல்கள் கடைசி நொடியில் திரும்பி ஓடின. சித்தப்பா வேலைக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார். சாயங்காலம் அவர் வந்த பிறகுதான் சாம்பிக்கு உயிர் வரும். அதுவரைக்கும் அதன் பசியை நான்தான் காவல் காக்க வேண்டும்.

சித்தி காலையில் இட்லி வைத்தாள். “பசிக்கல சித்தி” என்றேன். மதியம் சாம்பார் சாதம். “பசிக்கல.” முட்டை பொரித்துக் கொண்டுவந்தாள். எனக்கு முட்டை உயிர். வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு, “வேணாம் சித்தி” என்றேன். அவள் மறுபடியும் வற்புறுத்தவில்லை. தட்டை மூடி அடுப்படிக்குள் எடுத்துப்போனாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் டூட்டியிலிருந்து வரும்போது கடையில் ஒரு புது எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கிவந்தாள். ஒட்டியிருந்த விலைத் தாளைக்கூடக் கிழிக்காமல் என் முன்னால் வைத்தாள். “புதுசு பாப்பா. யாரும் இதுல சாப்பிடல. உனக்குன்னே வாங்கினது” என்றாள். எனக்காக ஒரு தட்டு வாங்கியிருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தட்டைத் திருப்பித் திருப்பி அதில் என் முகத்தைப் பார்த்தேன். சாப்பிடவில்லை.

அடுத்த நாள் கீழவீதி ஓட்டலிலிருந்து இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் வந்தன. சிதம்பரத்துக்கு வருகிறவர்கள் தேடிப்போய்ச் சாப்பிடுகிற சமாச்சாரம் அது. வாசனை வீடெல்லாம் நிறைந்தது. சித்தி பொட்டலத்தைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினாள்.

“கடையில வாங்கினது பாப்பா. நான் பிரிக்கக்கூட இல்ல. நீயே பிரிச்சிச் சாப்புடு.”

அவள் ஏன் அதை அப்படி மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. சாம்பி முந்தைய நாள் எதையும் பிடித்திருக்கவில்லை. நான் தலையை ஆட்டினேன். பொட்டலம் அப்படியே மேஜைமேல் ஆறிப்போனது.

அன்றைக்குச் சாயங்காலம் சாம்பி ஒரு முயலைப் பிடித்தது. ஆனந்தத்தில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பையைத் திறந்து, பிஸ்கட்டை இரண்டு இரண்டாக வாயில் திணித்துக்கொண்டிருந்தபோது, துணி மடிக்க வந்த சித்தி என்னைப் பார்த்துவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் பையைப் பார்த்தாள். அதற்குள் அடுக்கிவைத்திருந்த ரொட்டியை, முறுக்கு டப்பாவை, கறுத்துப்போன வாழைப்பழங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “தண்ணி குடிச்சிட்டுத் தின்னு, விக்கிக்கப் போவுது” என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு அடுப்படியில் அவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது.

“புள்ள மேல கோவப்படாத. அது என்னா பண்ணும், சொல்லி அனுப்பினா?”

“நான் புள்ள மேல எங்க கோவப்பட்டேன்?”

நான் கம்ப்யூட்டரே கதியாகக் கிடப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் விழுந்தேன். நாற்காலியிலிருந்து எழுந்தது நினைவிருக்கிறது. கண் திறந்தபோது தலை சித்தியின் மடியில் இருந்தது. அவள் என் நாடியைப் பிடித்திருந்தாள். “காய்ச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல. பசி மயக்கம்” என்று சித்தப்பாவிடம் சொன்னாள். “ஆஸ்பத்திரியில தெனமும் பாக்கறேன். என் வூட்லயும் பாக்கணும்னு இருக்கு.” சித்தப்பா போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார்.

பதினோரு மணிக்கெல்லாம் அப்பாவும் அம்மாவும் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். அந்த வீட்டுக்குள் அவர்கள் வருவது அதுதான் முதல் தடவை. சித்தி அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அம்மா உட்காராமல் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

சித்தப்பா நேராகக் கேட்டுவிட்டார். “அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. இங்க சாப்பிடக் கூடாதுன்னு புள்ளகிட்ட சொல்லி அனுப்பினீங்களா?”

அம்மாவின் முகம் சிவந்தது. “நான் என்னா சொன்னேன்? ஏண்டி, நான் என்னாடி சொன்னேன் உங்கிட்ட? சொல்லுடி!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவை ஏதோ ஒரு வம்பில் மாட்டிவிட்டிருக்கிறேன் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அம்மா ஒண்ணும் சொல்லல. சாம்பி சாப்பிடல, அதான் நானும் சாப்பிடல” என்றேன்.

“எவடி அவ சாம்பி?” என்றார் அப்பா.

சொல்ல வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டவும் வேண்டியதாயிற்று. முயல், மான், கரடியின் மிச்சம், சொந்த இரை என்று ஒவ்வொரு சட்டமாக விக்கி விக்கிச் சொன்னேன். மனதுக்குள் அவ்வளவு கம்பீரமாக இருந்த சட்டங்கள், பெரியவர்கள் முன்னால் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் பைத்தியக்காரத்தனமாக மாறின. சித்தப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அப்பாவுக்கு. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அம்மாதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஓநாயாம்! கேட்டுக்குங்க, ஓநாய்க்காகப் பட்டினியாம்!” என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், யாரும் கவனிக்காமல் திரையில் நின்றிருந்த சாம்பியின் பசிக்கோடு தீர்ந்து, அது பனியில் சாய்ந்தது. நான் அதற்காகவும் சேர்த்து அழுதேன். அதைப் பார்த்து அவர்கள் இன்னும் சிரித்தார்கள். தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வெட்கம் என்றால் அதுதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப, வேற ஒண்ணும் இல்லியா பாப்பா?”

“இல்ல சித்தி.”

“நெசமா?”

“நெசமா. முட்ட மேல ஆசயா இருந்துச்சி.”

அவள் எழுந்து அடுப்படிக்குள் போனாள். குழாய் வெகுநேரம் திறந்தே இருந்தது. வெளியே வந்தபோது முகத்தை நன்றாகக் கழுவியிருந்தாள். ரசஞ்சாதத்தைக் குழையப் பிசைந்து, பொரித்த முட்டையோடு கையாலேயே எனக்கு ஊட்டினாள். நான் வாங்கி வாங்கித் தின்றேன். அம்மா ஜன்னல் வழியாக ரயில்வே கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோருக்கும் இலை போட்டார்கள். அப்பா உட்கார்ந்தார், தலை நிமிராமல் சாப்பிட்டு, மறுசோறும் வாங்கிக்கொண்டார். “நீங்களும் உக்காருங்கக்கா” என்று சித்தி கூப்பிட்டபோது, அம்மா, “எனக்கு இன்னிக்கு விரதம்மா. பச்சத் தண்ணிகூடப் பல்லுல படக் கூடாது” என்றாள். என் விரதத்தைப் பார்த்து அவ்வளவு சிரித்தவள் தானும் விரதம் இருக்கிறாளே என்று எனக்கு மனத்தாங்கலாக இருந்தது.

என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் கிளம்பும்போது சித்தி அம்மாவிடம் ஒரு பொட்டலம் கொடுத்தாள். புளிச்சாதம், முட்டை, உருளைக்கிழங்கு வறுவல். “விரதம் முடிச்சிட்டுச் சாப்பிடுங்கக்கா. வழியில புள்ளைக்கும் பசிக்கும்.” அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் வழியெல்லாம் அதை மடியில் வைத்திருந்தாள். கடலூர் பஸ் ஸ்டாண்டில், காலையில் விட்டுவந்த வண்டியை எடுக்க அப்பா போனபோது, தூணோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு கிழவரிடம் அந்தப் பொட்டலத்தைக் கொடுத்தாள். அவர் அங்கேயே பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். விரதத்தன்று இல்லாதவர்களுக்குக் கொடுத்தால் புண்ணியம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அம்மாவைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த பிறகு ஒரு நாள் சித்தி போன் செய்தாள். நான்தான் எடுத்தேன். எப்படி இருக்கிறாய், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்டுவிட்டு, சற்றுத் தயங்கி, “அன்னிக்குக் குடுத்த புளிச்சாதம் நல்லா இருந்துச்சா பாப்பா? அம்மா சாப்ட்டாங்களா?” என்றாள்.

அவளைச் சந்தோஷப்படுத்த என்னிடம் ஒரு நல்ல சேதி இருந்தது. “இல்ல சித்தி. பஸ் ஸ்டாண்டுல ஒரு தாத்தாவுக்குக் குடுத்துட்டாங்க. பாவம், பசியா இருந்தாரு.”

லைன் அறுந்துவிட்டதோ என்று, “சித்தி, சித்தி” என்று கூப்பிட்டேன்.

“இருக்கேன் பாப்பா” என்றாள். “அவரு சாப்ட்டாரா?”

“எல்லாத்தயும் சாப்ட்டாரு சித்தி! இலய வழிச்சி வழிச்சிச் சாப்ட்டாரு” என்றேன், உற்சாகமாக.