அவள் எழுதிக் காட்டிய ஒரு வரி

பொன்மலை ரயில்வே பணிமனையில் காலை ஷிப்ட் முடித்து, எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்குத் திரும்பியபோது, வாசல் கேட்டருகே சாதாரண உடுப்பில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அடையாள அட்டையைக் காட்டியதும் பதறிப்போனேன்.

"பயப்படாதீங்க சார். உங்க வீட்டம்மாவப் பத்தி நாலு விவரம் கேக்கணும். சட்டமன்றத்துக்குச் சட்ட ஆலோசகரா போடறதுக்கு முன்னாடி விசாரிக்கச் சொல்லியிருக்காங்க."

"எந்தச் சட்டமன்றம்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

என் மனைவி இருபது வருடமாகத் திருச்சி கோர்ட்டில் வக்கீல். வாய்க்கால் தகராறு, பாகப்பிரிவினை, முசிறிப் பக்கத்து வாழைத்தோட்டங்களின் குத்தகை வழக்கு, இவைதான் அவள் உலகம் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் வந்ததும் கேட்டேன்.

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"விருப்பமான்னு கேட்டாங்க, சரின்னு எழுதிக் குடுத்தேன். கெடைக்கலன்னா என்னைவிட நீங்கதான் வருத்தப்படுவீங்க."

ஒரு மாதத்தில் உத்தரவு வந்துவிட்டது. கையிலிருந்த வழக்குகளை ஒவ்வொன்றாக வேறு வக்கீல்களிடம் ஒப்படைத்தாள். ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போய்ச் சேவித்துவிட்டு, மறுநாள் சென்னைக்கு ரயிலேறினாள். சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவாள்.

அப்படி வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் காகிதங்களை விரித்து உட்கார்ந்தவள் மத்தியானம் வரை எழவில்லை. வெள்ளத்தில் பயிர் போனவர்களுக்கு நிவாரணம் தருவதற்கான மசோதா என்று மட்டும் சொன்னாள். அதை என்னிடம் காட்ட மாட்டாள். திடீரென்று ஒரு தாளில் ஒரு வரியை எழுதி நீட்டினாள்.

"இத வாசிங்க. என்ன புரியுதுன்னு சொல்லுங்க."

'நில உரிமையாளர் மற்றும் சாகுபடியாளர் விண்ணப்பிக்கலாம்' என்றிருந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் மனு குடுக்கலாம்."

அவள் முகம் மாறியது. "யார் வந்தாலும் குடுக்கலாம்னு நெனச்சுதான் எழுதியிருக்காங்க. ஆனா ஆபீஸ்ல உக்காந்திருக்கறவர் உங்கள மாதிரிதானே வாசிப்பார்? குத்தகைக்காரர் வெளிநாட்டுல இருக்கற முதலாளிய எங்க போய்த் தேடுவார்?"

'மற்றும்' என்பதை அடித்து 'அல்லது' என்று எழுதினாள். அதற்கான காரணத்தை எழுதவே இரண்டு பக்கம் ஆயிற்று. இரும்பில் வேலை செய்கிறவன் நான். ஒரு சொல்லுக்கு அத்தனை கனம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த மசோதா சபைக்கு வந்த நாளில் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போனேன். பார்வையாளர் சீட்டு வாங்கி வைத்திருந்தாள். வாசலில் செல்போனை வாங்கிக்கொண்டார்கள். மாடத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். கீழே அதிகாரிகளின் வரிசையில் அவள் ஒரு ஓரமாக இருந்தாள்.

ஒரு உறுப்பினர் எழுந்து, "குத்தகை விவசாயி நில உரிமையாளரைத் தேடி அலைய வேண்டுமா?" என்று கேட்டார். அமைச்சர் மசோதாவைப் புரட்டி அந்த வரியை உரக்க வாசித்தார். 'நில உரிமையாளர் அல்லது சாகுபடியாளர்.' கேட்டவர் தலையசைத்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சபை முழுவதும் "ஆம்" என்றது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எழுதிய சொல் சபையில் நிறைவேறிவிட்டது. அவள் பெயரை யாரும் சொல்லவில்லை. அவளும் குனிந்த தலை நிமிராமல் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டாள், "எப்படி இருந்துச்சு?"

பெரிதாக ஏதாவது சொல்லத்தான் நினைத்தேன்.

"நீ சாப்ட்டியா?" என்றேன்.

"இல்லங்க. மந்திரி வாசிக்கறப்போ நான் என்ன குறிச்சேன்னு எனக்கே தெரியல. வாங்க, கேன்டீன் மூடிடப் போறாங்க."