சித்தியின் ‘போச்சு’

என் சித்தி தையல்காரி. அவள் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை ‘போச்சு’ வரும் என்று கணக்கெடுக்கப் போனால் நமக்குத்தான் பைத்தியம் பிடிக்கும். ஊசி முறிந்தால் போச்சு. டீ ஆறினால் போச்சு. பஸ் கிளம்பிவிட்டால் போச்சு. கிளம்பாமல் நின்றாலும் நேரம் போச்சு.

ஒருமுறை கல்யாண மாப்பிள்ளை ஒருவன் கோட்டுக்கு அளவு பார்க்க வந்திருந்தான். கத்தரியும் கையுமாக அவன் முதுகுக்குப் பின்னால் நின்ற சித்தி, “போச்சு” என்றாள். அவனுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. பார்த்தால், அவள் கையிலிருந்த சாக்கட்டி மெஷினுக்கு அடியில் விழுந்திருக்கிறது.

“வர்றவங்க உயிரை எடுக்காதே. வேற ஏதாவது சொல்லித் தொலையேன்” என்றார் சித்தப்பா.

“போனதைப் போச்சுன்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றதாம்?”

ஆனால் பெரிதாக ஏதாவது போனால் மட்டும் அந்தச் சொல் வராது. கடைக் கூரை ஒழுகி, தைத்து வைத்த துணியெல்லாம் நனைந்த அன்று, “பிழிஞ்சு காயப் போடுங்க” என்றதோடு சரி. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். அவள் வலது கை மரத்துப்போனபோதுதான் எனக்கு உறைத்தது.

விரலிடுக்கில் ஊசி நிற்கவில்லை. ஆபரேஷன் செய்தாலும் பழையபடி தைக்க முடியுமா என்பதை டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து கையில் கட்டு இருந்த நாளெல்லாம் பால் பொங்கி வழிந்தது, கரண்ட் போனது, எதற்கும் ஒரு போச்சு கிடையாது. வீடு வெறிச்சென்று இருந்தது. சித்தப்பா வேண்டுமென்றே டம்ளரைக் கீழே போட்டுப் பார்த்தார். அவள் இடது கையால் எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

கட்டுப் பிரித்து, கைக்கான பயிற்சிகளும் முடிந்தபின், ஒரு காலை அவளாகவே மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். நானும் சித்தப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றோம். நூல் கோக்க நேரமாயிற்று. பிறகு ஒரு சட்டைக்கையை வைத்து மிதித்தாள். தையல் நேராகவே ஓடியது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாதியில் நிறுத்தி, துணியைத் திருப்பிப் பார்த்தாள்.

“போச்சு. அடிநூல் தீந்துடுச்சு.”

“இன்னொரு தடவை சொல்லு” என்றார் சித்தப்பா.

“என்னத்த?” என்று முறைத்தாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சித்தப்பா நூல்கண்டு எடுக்க ஓடிய அவசரத்தில் குண்டூசி டப்பாவைத் தட்டிவிட்டார். ஊசிகள் தரையெங்கும் சிதறின.

மூன்று பேரும் ஒரே குரலில் அந்தச் சொல்லைச் சொன்னோம்.