செவ்வாய்க்குப் போன பட்டித்தரை

கோபிப் பாலையில், எங்கள் வட்டத்தில், கோர்லோவின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. அவள் வருகிறாள் என்று தெரிந்தால் வட்டத் தலைவரே பின்பக்கமாக நழுவிவிடுவார். பிறவியிலேயே வந்த வாய் இல்லை அது. இருபத்திரண்டு வயதில் ஜம்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு செங்குன்றின் அடிவாரத்துக்கு வந்தபோது அவள் அதிர்ந்து பேசாத பெண்தான். அந்தத் தரைதான் அவளை இப்படி ஆக்கியது.

அங்கே இருந்ததெல்லாம் சிவப்புச் சரளை. மைனஸ் முப்பது குளிரில் வெறும் சரளைமேல் படுத்த ஆடு காலையில் எழுந்திருக்காது. வயிற்றுச் சூட்டையெல்லாம் தரை உறிஞ்சிவிடும். முதல் குளிர்காலத்தில் தொண்ணூறு ஆட்டில் முப்பத்தொன்று போயிற்று. கோர்லோ குட்டிகளைத் தன் அங்கிக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் பாதி அவள் மடியிலேயே விறைத்தது. அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக வாய்விட்டுத் திட்டினாள் என்று ஜம்பாவே சொல்லியிருக்கிறான்.

மறு வருடம் பட்டித்தரையில் மூன்று விரல் கனத்துக்குப் புழுக்கை சேர்ந்திருந்தது. ஆடு போட்டதை ஆடே மிதித்து, அதன்மேல் மூத்திரம் விட்டு, படுத்துப் படுத்து இறுக்கியது. அதற்கடுத்த வருடம் ஒரு சாண். வசந்தத்தில் ஈரத்தை வெட்டி எடுத்து அடுப்புக்குக் காயவைப்பாள். உலர்ந்ததை மறுபடி பரப்புவாள். இப்படி இருபத்தேழு குளிர்காலம். முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது அந்த மெத்தை. வெளியே கண்ணீர் கன்னத்திலேயே உறைகிற நாளில்கூட அதில் கைவிட்டால் இதமாக இருக்கும். ஆடு முந்நூறை நெருங்கியது. குளிரில் ஒரு குட்டி செத்தாலே அதிசயம் என்றாகிவிட்டது.

கோடையில் நாங்கள் எல்லோரும் வடக்கே மேய்ச்சலுக்குப் போய்விடுவோம். குளிர்காலப் பட்டி அதுபாட்டுக்குத் திறந்து கிடக்கும். அடுத்தவர் பட்டித்தரையில் யாரும் கைவைக்க மாட்டார்கள். கைவைக்காதே என்று யாரும் யாருக்கும் சொன்னதும் இல்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அந்த இருபத்தேழாம் வருட வசந்தத்தில் தலைநகர் உலான்பாத்தரிலிருந்து மிஷிக் என்ற ஆள் ஒரு கூட்டத்தோடு வந்தான். செவ்வாய்க் கிரகத்தை மனிதன் வாழத் தகுந்த இடமாக்க முடியுமா என்று பார்க்கப் போகிறார்களாம். எங்கள் செங்குன்று அச்சு அசல் செவ்வாய் மாதிரியே இருக்கிறதாம். நாங்கள் பிள்ளை பெற்றுப் போடுகிற இடத்தைப் பார்த்து ஒருவன் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? ஜம்பா கோர்லோவைக் கேட்காமலே ஒரு சூரிய மின்தகட்டை வாங்கிக்கொண்டு, இடம் தருவதாகக் கையெழுத்துப் போட்டான். நாங்கள் வடக்கே போனபின் பட்டிக்குச் சற்றுத் தள்ளி நான்கு வெள்ளைக் குமிழ் வீடுகளும் நீளமான ஒரு பிளாஸ்டிக் கொட்டகையும் எழும்பின.

பத்தாம் மாதம் மந்தையோடு திரும்பி வந்த கோர்லோ பட்டி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். தரை வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. மண் தோண்டும் இயந்திரத்தின் பல் தடம் சரளையில் கோடு கோடாகத் தெரிந்தது. ஒரு புழுக்கைகூட இல்லை.

"யாரைக் கேட்டுய்யா கையெழுத்துப் போட்ட?" என்று ஜம்பாவின் சட்டையைப் பிடித்தாள்.

"பக்கத்துல கூடாரம் போட்டுக்கிறோம்னாங்க. பட்டியைச் சுரண்டுவாங்கன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

"தொடாதேன்னு சொன்னியா?"

"அதையெல்லாம் யாராச்சும் சொல்லுவாங்களா, கோர்லோ?"

"தகட்டைப் பார்த்ததும் வாயைப் பொளந்துட்டு நின்னிருப்ப. இடத்துப் பத்திரம் என் பேர்ல இருக்கு, கையெழுத்து மட்டும் உன்னுது! என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே, பாவி! போ, அந்தத் தகட்டு மேலயே ஆட்டைப் படுக்க வை!"

அதோடு அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். நேராகப் போய்க் குமிழ் வீட்டின் கதவை உதைத்தாள். கதவு திறக்கவில்லை. மேலே ஒலிபெருக்கிதான் கரகரத்தது.

"அக்கா, நான் மிஷிக். தயவுசெஞ்சு போயிடுங்க. பயிற்சி நடக்குது. நாங்க இப்ப செவ்வாய்ல இருக்கோம். விதிப்படி உங்களை நாங்க பார்க்கவே கூடாது. இங்க மனுஷங்களே கிடையாது."

"மனுஷங்க இல்லையா? அப்ப என் பட்டியைச் சுரண்டினது யாருடா, பேயா? எங்கடா என் எரு?"

"அந்தக் குப்பையா? செவ்வாய்ல ஆட்டுப் புழுக்கை இருக்காதுல்ல, அக்கா. படம் எடுக்க அசிங்கமா இருந்துச்சு. ஆத்துப் பள்ளத்துல கொட்டினோம். மழையில அடிச்சுட்டுப் போயிடுச்சு" என்றான்.

குப்பை என்றான். இருபத்தேழு வருடத்தைக் குப்பை என்றான். கோர்லோ கதவின் கண்ணாடியில் காறித் துப்பினாள். அது வழிவதற்குள் உறைந்துவிட்டது. மிஷிக் பயிற்சி முடியும்வரை அதன் வழியாகத்தான் வெளியே பார்த்திருக்க வேண்டும்.

பதினோராம் மாதம் குளிர் இறங்கியது. ஜம்பா வைக்கோலைப் போட்டுப் பார்த்தான். ஆடுகள் அதைத் தின்றுவிட்டன. கூடாரத்துப் பழைய கம்பளிகளை விரித்தான். அவை மூத்திரத்தில் நனைந்து பலகையாக விறைத்தன. ஒரு காலையில் பதினோரு ஆடு எழுந்திருக்கவில்லை. கோர்லோ ஒவ்வொன்றையும் கொம்பைப் பிடித்து இழுத்துக் குன்றோரம் போட்டாள். மிச்சம் இருநூற்று எழுபது. கடுங்குளிர் இன்னும் வரவேயில்லை. இப்படியே போனால் வசந்தத்தில் மேய்க்க ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதே வாரம் மிஷிக் தன் வெற்றியைக் காட்ட ஊரைக் கூட்டினான். செவ்வாய்ப் பயிற்சி முடிந்துவிட்டது போலும், இப்போது மனிதர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். வட்டத் தலைவர் வந்தார், புகைப்படக்காரர்கள் வந்தார்கள். கோர்லோவும் போனாள். அவன் முகத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வருவதுதான் அவள் எண்ணம்.

பிளாஸ்டிக் கொட்டகைக்குள் இரண்டு கதவு தாண்டிப் போனால் கதகதப்பு. நீளமான பாத்திகளில் முள்ளங்கி தளதளவென்று நின்றது. மேலே சிவப்பு மணலைப் பொடியாகத் தூவியிருந்தார்கள்.

"இது வெறும் செம்மணல்" என்றான் மிஷிக், கேமராவைப் பார்த்து. "உப்பு மண்ணு. புல்லுகூட முளைக்காது. தண்ணி, வெளிச்சம், எங்க அறிவு, இந்த மூணும்தான். நாளைக்கு செவ்வாய்லயும் இதே மாதிரி விளையும்."

கோர்லோவின் மூக்கு விடைத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பாத்திக்குள் முழங்கைவரை கையை விட்டாள். கை இதமான எதிலோ புதைந்தது. ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்தாள். அடுக்கு அடுக்காக இறுகிய கட்டி. அதன் நடுவே ஒரு நீலத் துணி நைந்து கிடந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கால் ஒடிந்த ஒரு வெள்ளாட்டுக்குத் தன் அங்கியைக் கிழித்து அவள் கட்டிய துணி அது.

எல்லோரும் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானார்கள். கோர்லோ ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டியை மடியில் கட்டிக்கொண்டு வெளியே போனாள். மந்தைக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்த ஜம்பாவிடம் மூன்று வாரம் கழித்து முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"ஆட்டைத் திருப்புய்யா இங்க."

இருநூற்று எழுபது ஆடும் அந்த இரண்டு கதவு வழியாக உள்ளே இறங்கின. புகைப்படக்காரர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். மிஷிக் கையை விரித்துக் குறுக்கே பாய்ந்தான்.

"அக்கா, பைத்தியமா உங்களுக்கு? இத்தனை மாச ஆராய்ச்சி! இது ஆட்டுப் பட்டியா?"

"ஆமாண்டா, பட்டிதான்! என் பட்டி! ஆத்துல போச்சுன்னியே, திருட்டுப் பயலே, ஆறு இந்தக் கொட்டகைக்குள்ளயா ஓடுது?" என்று நீலத் துணியை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

முள்ளங்கி இலையும் கிழங்குமாக அரை மணியில் தீர்ந்தது. பிறகு கிழக் கிடா ஒன்று பாத்தியை முகர்ந்து பார்த்து, காலால் இரண்டு தரம் கிளறி, முன்னங்காலை மடித்துப் படுத்தது. அதைப் பார்த்து மற்றவையும் படுத்தன. மூன்று வாரமாக நின்றுகொண்டே தூங்கிய ஆடுகள் அவை. அதைக் கண்டதும் கோர்லோ எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டாள்.

மிஷிக் போலீசைக் கூப்பிடுவேன் என்று குதித்தான். வட்டத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"கூப்பிடுங்க தம்பி. பத்திரம் அந்தம்மா பேர்ல இருக்கு. எரு அந்தம்மாவோடது. வெளியில அள்ளிப் போட்டா ஒரு மணி நேரத்துல கல்லாயிடும். பனி உருகுற வரைக்கும் ஆடு இங்கயே கிடக்கட்டும்."

"அப்ப என் கொட்டகை?"

"அது அந்தம்மா இடத்துல நிக்குது. நான் என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைப் பார்த்து நடந்தார்.

குமிழ் வீடுகள் அந்த மாதமே கழன்று போயின. சூடேற்றும் இயந்திரத்தையும் எடுத்துப் போய்விட்டார்கள். அது ஆடுகளுக்குத் தேவைப்படவில்லை. அந்தக் குளிர்காலம் மைனஸ் நாற்பதைத் தொட்டது. அதன்பின் கோர்லோவின் மந்தையில் இரண்டே இரண்டு செத்தன, அதுவும் வயதாகி.

நான்காம் மாதம் கொட்டகையைப் பிரிக்க மிஷிக் லாரியோடு வந்தான். வீட்டுக்கு வந்தவனுக்குத் தேநீர் கொடுக்காமல் இருக்க முடியாது, எங்கள் வழக்கம் அப்படி. கோர்லோ உப்புப் பால்தேநீரை ஊற்றிக் கிண்ணத்தை டங்கென்று அவன் முன்னால் வைத்தாள். வா என்று சொல்லவில்லை.

"அக்கா, கோவம் இன்னும் தீரலையா?"

"தீராது. குடிச்சிட்டுக் கிளம்பு."

அவன் பாதி குடித்துவிட்டுத் தயங்கினான். "ஒரே ஒரு மூட்டை எரு குடுத்தீங்கன்னா ஆராய்ச்சிக்கு ஆகும். அதுல மட்டும்தான் எதுவோ முளைச்சுச்சு."

"அந்தக் கிரகத்துக்கு ஆடு ஓட்டிட்டுப் போ" என்றாள் கோர்லோ. "இருபத்தேழு குளிர்காலம் படுக்க வை. முதல் வருஷம் சாகுறதை எல்லாம் நீயே மடியில வச்சுக்க. அப்புறம் வந்து என்கிட்ட கேளு."

அவன் எழுந்து கொட்டகைக்குப் போனான். கூலியாட்கள் கூரையை உருவி லாரியில் ஏற்றி முடித்தார்கள். நடுவில் கறுத்த தரை மட்டும் வெயிலில் ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. ஜம்பா அதை வண்டி வண்டியாகப் பழைய பட்டிக்கு அள்ளத் தொடங்கியிருந்தான். அவனோடு கோர்லோ இன்னமும் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

மிஷிக் லாரிப் படியில் கால் வைத்தபோது அவள் குரல் கொடுத்தாள்.

"ஏய், நில்லு! பூட்ஸைத் தட்டிட்டுப் போ."

அவன் குனிந்து பார்த்தான். இரண்டு அடிப்பாகத்திலும் எரு அப்பியிருந்தது. கூலியாட்கள் பார்த்துக்கொண்டிருக்க, லாரியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று ஒன்றைக் கழற்றித் தட்டினான். பிறகு மற்றதையும் தட்டினான். லாரி நகர்ந்ததும் கோர்லோ துடைப்பத்தை எடுத்துவந்து, விழுந்ததைக் கூட்டி முறத்தில் எடுத்துப் பட்டியில் போட்டாள்.