யாகூப் பாய் கையெழுத்துப் போடாத நோட்டீஸ்

அத்தா ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. அவர் மௌத்தான அன்று நான் சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் வந்தேன். அங்கிருந்து திருத்தங்கலுக்குக் கார். கடைசியாக முகம் பார்க்க நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். கையில் இருந்த டிக்கெட்டில் மொத்தக் கட்டணம் ஒரே வரியில் தெளிவாக இருந்தது. அது அத்தாவால் வந்தது என்று சொல்ல மாட்டேன். அளவுக்கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. ஆதாரம் இல்லாததை எழுதிப் பழக்கமில்லை. இருப்பதை எழுதுகிறேன்.

அத்தாவின் பெயர் யாகூப். திருத்தங்கல் சாலையில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் புரூஃப் பார்த்தார். கடைசிப் புரூஃபின் மூலையில் அவர் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அங்கே மெஷின் ஓடும்.

1998இல் ஒரு பூச்சட்டிப் பட்டாசு டப்பா லேபிளில் விலைக்குக் கீழே 'அனைத்து வரிகளும் உட்பட' என்ற வரி விட்டுப்போனது. புரூஃப் பார்த்தவர் அத்தா. அதிகாரிகள் சரக்கை நிறுத்தினார்கள். நாற்பதாயிரம் டப்பாவில் கையால் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டி வந்தது. அம்மாவும் போய் ஒட்டினார். அதற்குப் பிறகு எந்தத் தாள் வந்தாலும் அத்தாவின் கண் முதலில் விலைக்குத்தான் போகும்.

2007 பிப்ரவரிக் கடைசி. காலண்டர் வேலை முடிந்திருந்தது. தீபாவளி லேபிள் ஆர்டர் தொடங்கவில்லை. மெஷின் சும்மா கிடந்த அந்த நேரத்தில் சென்னை விளம்பர கம்பெனி ஒன்றிலிருந்து இரண்டு லட்சம் நோட்டீஸுக்கு ஆர்டர் வந்தது. புது விமான நிறுவனம் ஒன்றின் விளம்பரம். 'மதுரை – சென்னை 99 ரூபாய்.' எண் விரல் நீளத்துக்கு இருந்தது. அதன் தலையில் ஒரு நட்சத்திரக்குறி. அடியில் எறும்பு வரிசை போல, 'வரிகளும் எரிபொருள் கட்டணமும் தனி.' எவ்வளவு என்று எங்கும் இல்லை.

அத்தா பேனாவை மூடினார்.

"அண்ணாச்சி, முழு வெல இல்ல. சட்டப்படி தப்பு."

முதலாளி சீனிவாசகம் சென்னைக்குப் போன் போட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "பாய், நீங்க சொல்றது பொட்டலச் சரக்குக்கு உள்ள சட்டமாம். ஏரோப்பிளான்ல மனுசனப் பொட்டலம் கட்டியா அனுப்புறாக?"

மெஷின்மேன் வெள்ளைத்துரையும் சேர்ந்துகொண்டார். "எம்புட்டு தள்ளி நின்னு கொளுத்தணும்னும் போடச் சொல்லுங்க பாய்!"

"அதையுந்தான் கேக்கேன். பத்து ரூவா பூச்சட்டிக்கு வெல, வரி, ஆபத்து, யாரு பொறுப்பு, அம்புட்டும் எழுதணும். இம்மாம்பெரிய ஏரோப்பிளானுக்கு ஒண்ணும் வேண்டாமா?"

"சட்டம் ஒங்களுக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கு. ஒத்துக்கிடுங்க" என்றார் முதலாளி.

"ஒத்துக்கிட்டேன். கையெழுத்து போட மாட்டேன்."

சீனிவாசகத்தின் சிரிப்பு போய்விட்டது. "சீசன் இல்லாத நேரம் பாய். இந்த ஆர்டர் போனா மூணு மாசம் பூட்டுத்தான். போடாட்டி ஒங்க நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

அத்தா சிவப்புப் பேனாவை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று முதலாளியே கையெழுத்துப் போட்டு மெஷினை ஓட்டினார்.

அம்மா ஷரீஃபுன்னிசா கேட்டார். "ஏங்க, ஏரோப்பிளான்ல நம்மளா போகப் போறோம்?"

"போறவுக வாசிப்பாகல்ல."

நான் அப்போது பொறியியல் கடைசி வருடம். அத்தா சொல்லச் சொல்ல, டெல்லியில் உள்ள விமானப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் தட்டினேன். ஒரு பக்கம்தான். நோட்டீஸ் ஒன்றை இணைத்தோம். கூடவே ஒரு பூச்சட்டி லேபிள். அதில் விலை வரியையும் எச்சரிக்கை வரியையும் அத்தா சிவப்பில் வட்டமிட்டார். லேபிள் வேண்டாம், சிரிப்பார்கள் என்று நான் சொன்னேன். "சிரிச்சுக்கிட்டே படிப்பாகம்மா" என்றார்.

ஐந்து வாரம் வீட்டில் இருந்தார். பள்ளிவாசலுக்குப் போவார், வருவார். கண்ணில் பட்ட மளிகைப் பொட்டலத்தை எல்லாம் புரூஃப் பார்த்தார்.

ஏப்ரலில் பதில் வந்தது. பொட்டலச் சரக்கு விதி விமான டிக்கெட்டுக்குப் பொருந்தாது என்று முதல் பத்தியிலேயே இருந்தது. அத்தா தலையாட்டினார். இரண்டாவது பத்தி வேறு. பயணி கொடுக்க வேண்டிய கட்டணத்தை நிறுவனம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இந்த நோட்டீஸ் பற்றி விளக்கம் கேட்டிருக்கிறோம். பாதுகாப்பு பற்றிய கேள்வி அதற்குரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது.

மூன்றாம் நாள் சீனிவாசகத்தின் ஸ்கூட்டர் எங்கள் வாசலில் நின்றது.

"பாய், என்ன செஞ்சு வச்சிருக்கீக? டெல்லியில இருந்து கேள்வி வந்து பழைய நோட்டீஸ் கட்டுப் பிரிக்காம கெடக்காம். புதுசா ரெண்டு லட்சம் அடிக்கணுமாம், முழு வெலையோட."

"நல்லதுதான அண்ணாச்சி? ரெண்டு ஆர்டர்."

 முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "வண்டியில ஏறுங்க."

"டீ குடிச்சிட்டுப் போவோம்."

நானும் சைக்கிளில் பின்னாலேயே போனேன். அத்தா உள்ளே நுழைந்ததும் வெள்ளைத்துரை கத்தினார். "ஏலே, பாய் எறங்கிட்டாருலே! ஓடுபாதைய விடுங்க!"

நாற்காலி காலியாகவே இருந்தது. பேனா வைத்த இடத்திலேயே இருந்தது. புதுப் புரூஃபில் 99 பழைய அளவில். கீழே, 'அனைத்து வரிகளும் கட்டணங்களும் உட்பட 1,849.' அது 99இல் பாதி உயரம்கூட இல்லை. அத்தா ஸ்கேலை வைத்தார்.

"இது எம்புட்டு ஒசரமோ, அதுவும் அம்புட்டு ஒசரம் வரணும்."

"பாய், மறுபடியுமா?"

"மறுபடியுந்தான்."

முதலாளி போனை எடுத்தார். மறுமுனையில் வெகுநேரம் சத்தம். கடைசியில் அங்கிருந்து ஒரே கேள்வி, எங்களுக்கும் கேட்டது. அந்தப் பாய் கையெழுத்துப் போடுவாரா, மாட்டாரா?

"போடுவாரு. நம்பரப் பெருசாக்கி அனுப்புங்க" என்றார் சீனிவாசகம்.

மறுநாள் காலை திருத்திய புரூஃப் வந்தது. அத்தா இரண்டு முறை படித்தார். ஒருமுறை மேலிருந்து, ஒருமுறை கீழிருந்து. மூலையில் கையெழுத்துப் போட்டார். வெள்ளைத்துரை மெஷினைத் தட்டிவிட்டு, முதல் தாளை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பைண்டிங்கில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

அந்தப் புரூஃப் இப்போது என்னிடம் இருக்கிறது. சிவப்பு மை கொஞ்சம் மங்கியிருக்கிறது. நேற்று அளந்தேன். 99இன் உயரம் நாற்பத்தெட்டு மில்லிமீட்டர். 1,849இன் உயரம் நாற்பத்தெட்டு. பிழை பூஜ்யம்.