பையை இறுக்கி மாட்டியவன்

கிராண்ட் ஸ்டாட்லர் இப்போது எங்கள் ஒஹாயோ கல்லூரி ஊரின் கடைசியில் இருக்கும் டயர் கடையில் வேலை செய்கிறான். என் பெயர் லோர்னா. ஃபிராட்டர்னிட்டி என்கிற மாணவர் சங்க வீட்டில் நெடுங்காலமாகச் சமையல்காரி. கிராண்ட் அங்கே தங்கிப் படித்தவன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்த ஒரே பிள்ளை அவன்தான். மற்ற துரைகளுக்குக் குழாய் எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூடத் தெரியாது.

அந்தப் பொறுப்பைப் பார்த்துத்தான் அவனைப் பாதுகாப்புக்குப் போட்டார்கள். விருந்து நாளில் அவன் குடிக்கக் கூடாது. மயங்கி விழுகிறவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அந்த வீட்டில் ஒரு வைத்தியம் இருந்தது. விழுந்தவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் புத்தகப் பையை மாட்டிவிடுவார்கள். மல்லாந்து புரள முடியாது, வாந்தி தொண்டையை அடைக்காது என்பது கணக்கு. பை மாட்டியவர்கள் எல்லாரும் மறுநாள் எழுந்து வந்து என்னிடம் முட்டை கேட்டார்கள். அதனால் பைதான் காப்பாற்றுகிறது என்று நம்பிவிட்டார்கள்.

அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களில் மைலோ ஃபென்விக் ஒருவன். கூச்ச சுபாவம், ஒல்லி உடம்பு. புதியவன் ஒவ்வொருவனுக்கும் சங்கத்தில் ஒரு பெரியண்ணனைக் கொடுப்பார்கள். அந்த அண்ணன் கொடுக்கும் விஸ்கி பாட்டிலைத் தம்பி காலி செய்தாக வேண்டும். மைலோவுக்கு வாய்த்த அண்ணன் சங்கத் தலைவன் டேட். சனிக்கிழமை கால்பந்து ஆட்டம் முடிந்த கையோடு, பட்டப்பகலில் ஆரம்பித்தார்கள். நான் மதியமே வீட்டுக்குப் போயிருந்தேன். இதெல்லாம் கோர்ட்டில் கிராண்ட் ஒன்றுவிடாமல் சொன்னது.

“நாக்கு மரத்துப்போச்சுண்ணா,” என்றிருக்கிறான் மைலோ.

“நல்லதாப் போச்சு. ருசி தெரியாது, ஊத்துடா,” என்றிருக்கிறான் டேட். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

பாட்டில் காலியானதும் மைலோ சரிந்தான். கிராண்ட் அவனைச் சோபாவில் ஒருக்களித்துப் போட்டு, அவனுடைய பையிலேயே அவனுடைய தடித்த வேதியியல் புத்தகங்களை அடைத்து முதுகில் மாட்டினான். பக்கத்திலேயே உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் பயம் வந்துவிட்டது.

“டேட், இவன் உதடு நீலமா இருக்குடா. ஆம்புலன்ஸைக் கூப்பிடுவோம்.”

“கூப்பிட்டா பின்னாடியே போலீஸ் வரும். வீட்டை இழுத்து மூடிருவாங்க, எல்லாரும் நடுத்தெருவுலதான் நிக்கணும். பை மாட்டிட்டியா?”

“மாட்டிட்டேன்.”

“அப்புறம் என்னடா? எருமை மாதிரி குறட்டை விடுறான். தூங்கட்டும், விடு.”

கிராண்ட் எடுத்த போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, பையின் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கினான். அது குறட்டை இல்லை, மூச்சு திணறுகிற சத்தம். அளவுக்கு மீறிய சாராயம் மூச்சையே நிறுத்திவிடும். அதை எந்தப் பை தடுக்கும்? சத்தம் அடங்கியபோது பையன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று கிராண்ட் நினைத்தான். கையைத் தொட்டுப் பார்த்தபோது சில்லிட்டிருந்தது. பை மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

டேட்டும் கிராண்டும் ஜெயிலுக்குப் போனார்கள். டேட் பயந்த மாதிரியே வீட்டை மூடினார்கள். மூன்றே வருடத்தில் திறந்தும்விட்டார்கள், என்னையும் திரும்பக் கூப்பிட்டார்கள்.

புதிய பையன்களிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பது கிராண்டுக்குக் கோர்ட் போட்ட உத்தரவு. அதன் காலம் முடிந்து நாளாகிறது, ஆனாலும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வருகிறான். கையில் டயர் கறையோடு எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று, எதையும் மறைக்காமல் சொல்கிறான். இன்னொருவன் இப்படிச் சாகக் கூடாது, அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இந்த வருடமும் சொல்லி முடித்தான். முன்வரிசைப் பையன் ஒருவன் கை தூக்கினான். கிண்டல் செய்கிற முகமில்லை, அக்கறையாகத்தான் கேட்டான்.

“அண்ணா, அப்ப பையில எவ்வளவு வெயிட் வெச்சா சரியா இருக்கும்?”

கிராண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

“நான் வெச்சது சரியான வெயிட்டுதான் தம்பி,” என்றான்.