கீழே பார்க்காத அக்கா

என் அக்காவின் இடது கை பார்ப்பதற்கு எல்லோர் கையையும் போலத்தான் இருக்கும். விரல் மடங்கும், வாளி தூக்கும், சட்டைக்குப் பித்தான் போடும். ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே அவளுக்கு எதுவும் தெரியாது. சூடு தெரியாது, ஊசி குத்தினால் தெரியாது. அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளை இயந்திரம் ஒருநாள் அந்தக் கையை உள்ளே இழுத்துவிட்டது. எலும்பு கூடியது, நரம்பு கூடவில்லை. பிறகு ஒருமுறை அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தை அந்தக் கையால் பிடித்தபடியே என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தீய்ந்த வாடை அடித்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அந்தப் புண் ஆற மாதக்கணக்காயிற்று. "இந்தக் கையில இன்னொரு ஆழமான காயம் பட்டுச்சுன்னா விரலைக் காப்பாத்த முடியாதும்மா" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்தது எதில் என்று நினைக்கிறீர்கள்? ஜப்பானிய வாள் வகுப்பில்!

அந்த வகுப்பிலிருந்து சலவைக்கு, பாவாடை போல அகலமான கறுப்புக் கால்சட்டைகள் வரும். முன்னும் பின்னும் மடிப்பு மடிப்பாக இருக்கும். விபத்துக்குப் பிறகு அக்காவை இயந்திரத்திலிருந்து எடுத்து, தேய்த்த துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் போட்டிருந்தார்கள். டயர் கடைக்கு மேல்மாடியில் அந்த வகுப்பு. துணி கொடுக்கப் போனவள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே போய்விட்டாள்.

சொல்லிக்கொடுப்பவரை மாஸ்டர் என்பார்கள். அவருக்கே முழங்கால் சரியாக மடங்காது. மண்டியிட்டுச் செய்ய வேண்டியதை எல்லாம் நின்றபடி செய்வார், அதை ஒளிக்கவும் மாட்டார். அந்த மனிதரிடம் தன் கையைப் பற்றிச் சொல்ல என்ன கேடு? கேட்டால் சீறுவாள்.

"வேலை செய்யற இடத்துல எல்லாரும் பாவம் பாவம்னு பார்க்கறாங்க. அங்க மட்டுந்தான்டி யாரும் என்னை அப்படிப் பார்க்கறதில்ல. நீ போய் வாயைத் திறந்தே, அப்புறம் என்னை அக்கான்னு கூப்பிடாத."

எனக்கு வாய் கொஞ்சம் நீளந்தான். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மூடிக்கொண்டேன்.

அந்தக் கலையில் எதிரே ஆள் கிடையாது. இருப்பதாக நினைத்துக்கொண்டு வாளை உருவி, வெட்டி, திரும்ப உறையில் போட வேண்டும். போடுவதுதான் கஷ்டம். இடது கை உறையின் வாயைப் பிடித்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வாளின் முதுகு வழுக்கிக்கொண்டே போகும். முனை வந்ததும் உறைக்குள் இறங்கும். அந்த நேரத்தில் கண் கீழே போகவே கூடாது. விழுந்துகிடக்கிற எதிராளி திரும்ப எழுந்தாலும் எழுவானாம், அதனால் பார்வை அவன் மேலேயே இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு விரல் சொல்லும். அக்காவுக்கு விரல் எதைச் சொல்லும்? வலது கை எவ்வளவு தூரம் போனது, உலோகம் மரத்தில் உரசும் சத்தம் எப்படி என்று, இந்த இரண்டை வைத்தே பழகியிருந்தாள். அதுவரைக்கும் பழகியது மழுங்கிய வாளில். எனவே நானும் சும்மா இருந்தேன்.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. மேல்நிலைத் தேர்வைக் கூரான வாளில்தான் செய்ய வேண்டும். அக்கா அதற்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? டாக்டர் சொன்னது காதுல விழுந்துதா இல்லையா?"

"விழுந்துது. நீ வரதுன்னா வா. வாயை மட்டும் வீட்டுல வெச்சுட்டு வா."

போனேன். போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியுமா?

நடுவர்கள் மூன்று பேர் மேசைக்குப் பின்னால். மாஸ்டர் ஓரமாக நின்றிருந்தார். நான் சுவரோரம் செருப்பில்லாத காலோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா நடுவில் வந்து நின்றாள். உருவி, வெட்டி, உறையில் போடுவதை மூன்று முறை செய்துகாட்ட வேண்டும். முதல் முறையை முடித்தாள், அப்பா, என்ன அழகு! என் அக்காவா இது என்று தோன்றியது. வாள் உறைக்குள் போனபோது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அடுத்த முறை. உருவினாள், வெட்டினாள், உறையில் போட்டாள். அப்போது அவள் கட்டைவிரல் உறையின் வாய்க்கு மேலே ஏறியிருந்ததைப் பார்த்தேன். துளிதான் ஏறியிருந்தது. வாள் உள்ளே போய்விட்டது. அக்கா நேராகப் பார்த்தபடி நின்றாள், முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. உறையின் மேல் சிவப்பாக ஒரு கோடு இறங்கிற்று.

அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை!

தரையில் சொட்ட ஆரம்பித்தது. நடுவில் இருந்த நடுவர் முன்னால் குனிந்தார். மாஸ்டர் ஓரடி எடுத்து வைத்து நின்றுவிட்டார். யாரும் கூப்பிடுவதற்குள் அக்கா கடைசி முறைக்கு வாளை உருவிவிட்டாள். வாளை உருவிய ஆளைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம், அதில் நியாயமும் இருக்கிறது. கத்தினால் திரும்புவாள், திரும்பினால் வாளும் திரும்பும். கத்தாவிட்டாலோ இன்னொரு முறை அதே விரல் மேல் அந்த முனை இறங்கும். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, அக்கா என்று கத்த. கத்தியே இருப்பேன், அதற்குள் அவள் வெட்டை ஆரம்பித்துவிட்டாள்.

வெட்டு முடிந்தது. வாளை உதறி அப்படியே நிறுத்தினாள். உறையில் போடுவதற்கு முன்னால் ஒரு மூச்சு நிற்பார்கள். என் கால் தானாக எழுந்தது. அவள் பார்வை எங்கே போகிறதோ அந்த நேர்க்கோட்டில், எதிர்ச்சுவரை ஒட்டி ஓடிப்போய் நின்றேன். விழுந்த எதிராளியைப் பார்க்கிற பார்வையில் நான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. என் இடது கையைத் தூக்கி, கட்டைவிரலை வலது கையால் இறுக்கிப் பிடித்துக் காட்டினேன்.

அவள் கண்ணில் கோபம் ஏறியதை நான் பார்த்தேன். கொன்றுவிடுவாள் போலிருந்தது. அப்புறம் அது மெல்ல மெல்ல பயமாக மாறியது. அக்கா கீழே குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

அந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றாளோ. பிறகு விரலைக் கால்சட்டையில் துடைத்தாள். எல்லோரும் பார்க்க, தலையைக் குனிந்து, கட்டைவிரலை விலக்கி, முனையைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வாளை உள்ளே தள்ளினாள். வணங்கினாள். தேர்வு அத்தோடு போயிற்று.

மாஸ்டர் அவள் விரலில் துணியைச் சுற்றும்போது கேட்டார். "எப்பலேருந்து உணர்ச்சி இல்ல?"

"ஆரம்பத்துலேருந்தே மாஸ்டர்."

"சொல்லியிருந்தா பார்த்துப் போடவே கத்துக் குடுத்திருப்பேனேம்மா! நான் மண்டி போடாம நிக்கறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?" முடிச்சை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினார். கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. "கை ஆறட்டும். மழுங்கின வாளோட வாங்க. கூரானது இனிமே உங்களுக்குக் கிடையாது."

அக்கா தலையாட்டினாள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே டாக்டர் விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். "எலும்பைத் தொடலை. தசைநார் மயிரிழையில தப்பிச்சிருக்கு. விரல் நிக்கும்." நான் அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

தையல் போட வந்த நர்ஸ் சின்னப் பெண். மரத்துப்போக ஊசி போடப் போனாள். வேண்டாம் என்றாள் அக்கா. ஊசி நுழைந்து வெளியே வந்தது, நூல் இழுபட்டது. அக்கா இப்போது கையையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாக்கா? சொல்லுங்க, நிறுத்தறேன்" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா." அடுத்த தையல் விழுந்ததும், "வலிச்சா எவ்வளவு நல்லாயிருக்கும்" என்றாள்.

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். இயந்திரத்தில் கை போன அன்றைக்குக்கூட அழாதவள் தோள் குலுங்க அழுதாள். நான் அவள் இடது பக்கம் இருந்தேன். அந்தக் கையை எப்படிப் பிடித்தாலும் அவளுக்குத் தெரியாது. கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டேன்.